தத்தெடுக்கும் கட்டணம் ஐம்பதாயிரம். தடை அதில் இல்லை: கரியாஹாட் குடும்பங்கள் தேடும் நிதி உதவி எங்கே நின்றுபோகிறது?

தெற்கு கொல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பை அறிந்தவர்களுக்கு அதன் நெரிசலும் நினைவிருக்கும். இருபுறமும் சேலைக் கடைகள், அவற்றை மறைக்கும் நடைபாதைக் கடைகள், மேம்பாலத்தின் அடியில் சதுரங்கப் பலகைகளின் முன் அமர்ந்திருக்கும் முதியவர்கள். ராஷ்பிஹாரி அவென்யூ வழியாக மேற்கே சென்றால், தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதி வரும். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், ஓய்வூதியர், சிறு வணிகர் என மாதச் செலவைக் கணக்கிட்டு வாழும் நடுத்தர வர்க்கத்தினரின் வட்டாரம் இது.

இத்தகைய குடும்பம் ஒன்று குழந்தையைத் தத்தெடுப்பது குறித்துச் சிந்திக்கும்போது முதலில் எழுவது பணத்தைப் பற்றிய கேள்விதான். எவ்வளவு செலவாகும், கடன் கிடைக்குமா, அரசோ அறக்கட்டளையோ உதவுமா என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் லட்சங்களில் இருக்கும். சட்டம் சொல்லும் தொகையோ அதில் மிகச் சிறு பகுதி.

இந்த இடைவெளியை இடைத்தரகர்கள் நன்கு அறிவார்கள். இன்னொன்றும் உண்டு. சட்டபூர்வத் தத்தெடுப்பில் உண்மையான நிதிச் சுமை கட்டணத்தில் இல்லை. குழந்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தொடங்குகிறது. அந்த இடத்தில்தான் அரசின் உதவி ஏறக்குறைய முற்றிலுமாக நின்றுவிடுகிறது.

கட்டணம் எவ்வளவு?

இந்தியாவில் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் நடைபெறும் தத்தெடுப்பை, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின்கீழ் இயங்கும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் (காரா) ஒழுங்குபடுத்துகிறது. வெளிநாடுகளுக்குக் குழந்தைகள் தத்துக் கொடுக்கப்படுவதில் நடந்த முறைகேடுகள் குறித்த வழக்கில், 1984-ல் நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு வழங்கிய தீர்ப்பே இந்த அமைப்பு உருவாக வழிவகுத்தது. குழந்தைக்கு விலை வைப்பதைத் தடுப்பது தொடக்கத்திலிருந்தே இந்தச் சட்ட ஏற்பாட்டின் முதன்மை நோக்கமாக இருந்தது. கட்டணம் அட்டவணையிட்டு நிர்ணயிக்கப்பட்டதும் அதனால்தான்.

2017-ஆம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் அட்டவணைப்படி, உள்நாட்டுப் பெற்றோர் செலுத்த வேண்டியவை மூன்று. பதிவு மற்றும் இல்ல ஆய்வு அறிக்கைக்கு ரூ.6,000, குழந்தையைப் பராமரித்துவந்த சிறப்புத் தத்தெடுப்பு முகமையின் குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு ரூ.40,000, தத்தெடுப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகளில் நடைபெறும் நான்கு தொடர் ஆய்வுகளுக்குத் தலா ரூ.2,000. ஆக மொத்தம் ரூ.54,000. வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கான பராமரிப்பு நிதி 5,000 அமெரிக்க டாலர். 2022 செப்டம்பரில் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. அவற்றிலும் கட்டணம் அட்டவணையில் உள்ளதே தவிர, முகமையின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. விண்ணப்பிப்போர் பணம் செலுத்தும் நாளில் நடைமுறையில் உள்ள தொகையை காராவின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அட்டவணையில் உள்ளதைத் தவிர வேறு எந்தத் தொகையையும், நன்கொடை என்ற பெயரிலோ பொருளாகவோ, தத்துப் பெற்றோரிடமிருந்து முகமை பெறக் கூடாது. கட்டில் வாங்கிக் கொடுங்கள், கட்டட நிதிக்கு ஏதேனும் செய்யுங்கள் என்று கேட்பதும் இதில் அடங்கும். ஒருமுறை கொடுத்துவிட்டால் குழந்தை விரைவில் கிடைக்கும் என்ற எண்ணமும் தவறு. யாருக்கு எந்தக் குழந்தை என்பதை இணையவழிப் பதிவின் முன்னுரிமைப் பட்டியல் முடிவுசெய்கிறது.

வழக்கறிஞர் செலவு குறித்தும் பலருக்குப் பழைய அச்சம் உள்ளது. 2021-ல் திருத்தப்பட்டு 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். விண்ணப்பத்தை முகமை சமர்ப்பிக்கிறது. இந்த மாற்றத்தைக் குறித்துச் சட்ட வல்லுநர்களிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால், பெற்றோருக்கு இது நிம்மதி தரும் மாற்றமே.

அட்டவணையில் வராத செலவுகள் இல்லாமலில்லை. குழந்தை வேறொரு மாநிலத்தில் இருக்கலாம். பரிந்துரை வந்த 48 மணி நேரத்துக்குள் சம்மதம் தெரிவித்து, 30 நாள்களுக்குள் முகமைக்கு நேரில் சென்று நடைமுறைகளை முடிக்க வேண்டும். கொல்கத்தாவிலிருந்து இருவர் குறுகிய அவகாசத்தில் பயணச்சீட்டு எடுத்து, அறிமுகமில்லாத ஊரில் தங்கி, விரும்பினால் தங்கள் மருத்துவரிடம் குழந்தையின் பரிசோதனை அறிக்கைகளைக் காட்டி ஆலோசனை பெற வேண்டும். இல்ல ஆய்வு அறிக்கை மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். காத்திருப்பு அதைத் தாண்டினால் ஆவணங்களைப் புதுப்பிக்க வேண்டும். இவை அனைத்தையும் சேர்த்தாலும், ஒரு சுற்றுக்கே லட்சம் ரூபாயைத் தாண்டும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையைவிடக் குறைவுதான்.

லட்சக்கணக்கு எங்கிருந்து வருகிறது?

2016 நவம்பரில் மேற்கு வங்கத்தின் வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில் உள்ள பாதுரியாவில், தனியார் மருத்துவமனை ஒன்றில் மாநில சிஐடி போலீசார் நடத்திய சோதனையில், பிஸ்கட் அட்டைப் பெட்டிகளில் வைத்து பச்சிளங்குழந்தைகள் கடத்தப்பட்டது தெரியவந்தது. குழந்தை இறந்தே பிறந்ததாகத் தாய்மார்களிடம் பொய் சொல்லப்பட்டதும் விசாரணையில் வெளிவந்தது. விசாரணை கொல்கத்தா மருத்துவமனைகள் வரை நீண்டது. சில மாதங்களில், 2017 பிப்ரவரியில், ஜல்பைகுரியில் தத்தெடுப்பு இல்லம் ஒன்றை நடத்தியவர்கள் இதே வகைக் குற்றச்சாட்டில் கைதாயினர். உரிமம் பெற்ற இல்லத்தின் மீதே புகார் எழுந்தது, பெற்றோர் நம்பி அணுகும் வாசலையே ஐயத்துக்கு உள்ளாக்கியது.

இது வங்கத்துக்கு மட்டும் உரிய அவலம் அன்று. 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவரின் தொலைபேசி உரையாடல் வெளியானபோது தமிழகம் அதிர்ந்தது. ஆணா பெண்ணா, நிறம் என்ன, எடை எவ்வளவு என்பதைப் பொறுத்து லட்சக்கணக்கில் விலை கூறப்பட்டது. பிறப்புச் சான்றிதழுக்குத் தனி விலை. அந்த வழக்கு சிபிசிஐடி விசாரணைக்கு மாற்றப்பட்டது. 2025 ஏப்ரலில் உத்தரப் பிரதேசக் குழந்தைக் கடத்தல் வழக்கில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு குற்றம்சாட்டப்பட்டவர்களின் ஜாமீனை ரத்து செய்தது. மகன் வேண்டும் என்பதற்காக ரூ.4 லட்சம் கொடுத்துக் குழந்தையைப் பெற்றதாகக் கூறப்பட்டவரும் அவர்களில் ஒருவர். மருத்துவமனையிலிருந்து பிறந்த குழந்தை கடத்தப்பட்டால் அதன் உரிமத்தை இடைநிறுத்த வேண்டும் என்றும் அமர்வு கூறியது.

நான்கு லட்சம் என்பது சட்டபூர்வக் கட்டணத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல். அவ்வளவு பணம் திரட்டக் கூடியவர், ஐம்பதாயிரம் செலுத்த இயலாதவர் அல்லர். எனவே கள்ளச் சந்தையை வாழவைப்பது பணத் தட்டுப்பாடு அன்று, காத்திருப்பும் அறியாமையும்தான். 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பதிவு செய்து காத்திருந்த பெற்றோரின் எண்ணிக்கை 36,000-ஐத் தாண்டியிருந்தது. சட்டப்படி தத்துக் கொடுக்கத் தகுதி பெற்றிருந்த குழந்தைகளோ மூவாயிரத்துக்கும் குறைவு. காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 2024-25 நிதியாண்டில் 4,515 தத்தெடுப்புகள் நடைபெற்றன; அவற்றில் 4,155 உள்நாட்டில். பல ஆண்டுகளில் இல்லாத உயர்வு இது என்று அரசு பெருமிதத்துடன் அறிவித்தது. வரிசையின் நீளத்துடன் ஒப்பிட்டால் பெருமிதத்துக்கு அதிக இடமில்லை.

கொல்கத்தாவுக்கு இதில் தனிப்பட்ட இழப்பு ஒன்றும் உண்டு. அன்னை தெரசா நிறுவிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி அமைப்பு பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளைத் தத்துக் கொடுத்துவந்தது. தனியாக வாழ்வோருக்கும் விவாகரத்து பெற்றோருக்கும் தத்துக் கொடுக்க வகைசெய்த 2015-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளை ஏற்க மறுத்து, அந்த அமைப்பு தத்தெடுப்புப் பணியிலிருந்து விலகிக்கொண்டது. நெறிமுறை சரியானதே. ஆயினும், நகர மக்கள் அறிந்த ஒரு வாசல் மூடப்பட்டபோது, இனி எங்கே செல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் எட்டும் வகையில் சொல்லப்படவில்லை. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற ஓர் அலுவலகம் இருப்பதையே அறியாதவர்கள் ஏராளம்.

சட்டத்தை மீறுவோருக்கான தண்டனையையும் நினைவில் கொள்ள வேண்டும். குழந்தையை விற்பதும் வாங்குவதும் சிறார் நீதிச் சட்டத்தின் 81-வது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவல் சிறைத் தண்டனைக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கும் உரிய குற்றம். குழந்தை தங்கள் பொறுப்பில் இருக்கும்போது மருத்துவமனை ஊழியர்களே இதைச் செய்தால் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். வாங்கியவரும் குற்றவாளியே. அத்துடன், வளர்த்த குழந்தையும் கையைவிட்டுப் போகிறது.

வருமானச் சான்று என்னும் வாயிற்படி

கரியாஹாட்டின் நடைபாதை வணிகர்களை 1996-ல் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் மாநில அரசு அகற்றியது. அவர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். பண்டிகைக் காலத்தில் இங்கு நடக்கும் வியாபாரம் சிறியதன்று. இருப்பினும் அவர்களுள் பலரிடம் சம்பளச் சீட்டும் இல்லை, வருமான வரிக் கணக்கும் இல்லை. பணம் கைமாறுவது ரொக்கத்தில்.

அவர்களில் ஒருவர் தத்தெடுக்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். அவரைத் தடுப்பது ஐம்பதாயிரம் ரூபாய் அன்று; ஒரு பூஜைப் பருவத்தின் லாபத்தில் அதை அவர் ஒதுக்கிவிடக் கூடும். விண்ணப்பதாரர் 'நிதி நிலையில் திறன் பெற்றவராக' இருக்க வேண்டும் என்கின்றன ஒழுங்குமுறைகள். குறைந்தபட்ச வருமானம் என எந்தத் தொகையும் அதில் குறிப்பிடப்படவில்லை. நியாயமான ஏற்பாடுதான் என்று தோன்றும். நடைமுறையிலோ, எண் இல்லாத இடத்தில் ஆய்வு செய்பவரின் மதிப்பீடு அமர்ந்துகொள்கிறது. வருமானச் சான்று கேட்கப்படுகிறது. வீடு வாடகையா சொந்தமா, கடன் உண்டா, சேமிப்பு எவ்வளவு என்பவை இல்ல ஆய்வில் பதிவாகின்றன. ஒரே அளவு சம்பாதிக்கும் எழுத்தரும் நடைபாதை வணிகரும் இந்த ஆய்வில் ஒரே மாதிரித் தோன்ற மாட்டார்கள்.

உள்ளாட்சி அமைப்பு வழங்கும் வருமானச் சான்றும், வங்கிக் கணக்கில் தொடர்ந்து பதிவாகும் வரவுசெலவும், வரி செலுத்த வேண்டிய அளவு வருமானம் இல்லாவிடினும் தாக்கல் செய்யப்படும் கணக்கும் இத்தகையோருக்குப் பெரிதும் உதவும். விண்ணப்பிக்கும் மாதத்தில் இவற்றைத் தேடி அலைவதைவிட ஓராண்டு முன்னதாகவே தொடங்குவது மேல். தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடன், தொழில் மூலதனத்துக்கானது. அதைத் தத்தெடுப்புச் செலவுக்குத் திருப்புவது கடன் நோக்கத்துக்கு மாறானது. ஆனால் அந்தக் கடனை முறையாகத் திருப்பிச் செலுத்திய வங்கிப் பதிவு, தொழிலும் வருமானமும் உண்மையானவை என்பதற்கு எழுத்துச் சான்றாக அமையும்.

உதவி என்ற பெயரில் என்னென்ன உண்டு?

அமெரிக்காவில் தத்தெடுக்கும் பெற்றோருக்கு மத்திய வருமான வரியில் சலுகை உண்டு. 2025-ஆம் ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் 17,280 டாலர். அதில் 5,000 டாலர் வரை, வரி செலுத்த வேண்டியது இல்லாதவர்க்கும் பணமாகவே திரும்பக் கிடைக்கும். அறக்கட்டளைகளின் மானியம், தேவாலயங்களின் நிதி திரட்டல், வட்டியில்லாக் கடன் என அங்கு இதற்கென ஒரு தனி உலகமே இயங்குகிறது. தனியார் முகமைகள் வழியாகத் தத்தெடுக்கும் செலவு அங்கு பல்லாயிரம் டாலர்களை எட்டுவதே காரணம். இணையத்தில் 'தத்தெடுப்புக்கு நிதி உதவி' எனத் தேடும் இந்தியர் முதலில் காண்பது இந்த அமெரிக்கத் தகவல்களையே. அவை இங்கு பொருந்தா. இந்திய வருமான வரிச் சட்டத்தில் தத்தெடுப்புச் செலவுக்கெனத் தனி விலக்கு எதுவும் இல்லை.

பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்டுவது இங்கு ஆபத்தான வழி. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், அடையாளம் ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடைசெய்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். ஆணை பிறப்பிக்கப்படாத நிலையில், பரிந்துரைக்கப்பட்ட குழந்தையின் படத்தைப் போட்டு உதவி கேட்பவர் நல்லெண்ணத்துடனேயே சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வார். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதாகச் சமூக ஊடகங்களில் பரவிய செய்திகளை நினைவுகூர்ந்தால், இந்தத் தடைக்கான தேவை விளங்கும்.

தனிநபர் கடன் கிடைக்கும்; வட்டி அதிகம். இல்ல ஆய்வில் கடன் சுமையும் கணக்கில் வரும் என்பதால், கட்டணத்துக்காகக் கடன் வாங்குவது புத்திசாலித்தனம் அன்று. வருங்கால வைப்பு நிதியிலிருந்து நோய், திருமணம், கல்வி, வீடு போன்றவற்றுக்கு முன்பணம் பெறலாம் என்ற பட்டியலில் தத்தெடுப்பு நெடுங்காலமாக இடம்பெறவில்லை. காரணம் கூறாமலேயே ஒரு பகுதியை எடுக்கும் 'சிறப்புச் சூழல்' வகையை வைப்பு நிதி அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் ஏற்றது. சம்பளதாரர்களுக்கு இது ஒரு புதிய வழி. சில தனியார் நிறுவனங்களும் தாமாக முன்வந்துள்ளன. ஃபிளிப்கார்ட் 2015-ல் தன் ஊழியர்களுக்குத் தத்தெடுப்புப் படியாக ரூ.50,000 அறிவித்தது. சட்டபூர்வச் செலவை ஏறக்குறைய முழுவதும் ஈடுசெய்யும் தொகை அது. அரசுத் துறை வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் இதைப் பின்பற்றப் பெரும் நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.

குழந்தை வந்த பிறகு

ஊதியம் இழக்காமல் குழந்தையுடன் இருக்கக் கிடைக்கும் காலம் கட்டணச் சலுகையைவிட மதிப்பு மிக்கது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 180 நாள் விடுப்பு உண்டு. இரண்டு குழந்தைகளுக்குக் குறைவாக உள்ளவர்களுக்கே இது பொருந்தும். ஆண் ஊழியர்களுக்கு 15 நாள். தனியார் துறைக்கான மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்யப்பட்ட திருத்தம், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் என வரையறுத்தது.

அந்த வரம்பை எழுதியவர்கள் சிறார் நீதிச் சட்டத்தை அருகில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குட்பட்டதாக இருந்தால், அதன் பெற்றோரைத் தேடி, தத்துக் கொடுக்கத் தகுதியானது என அறிவிக்கக் குழந்தை நலக் குழுவுக்கு இரண்டு மாதம் வரை ஆகும். இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு நான்கு மாதம். பெற்றோரே ஒப்படைத்த குழந்தைக்கும், அவர்கள் மனம் மாறக் கூடும் என்பதால் 60 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகே பரிந்துரை, நேரில் பார்ப்பது, ஒப்படைப்பு. குழந்தை வீடு வந்து சேரும்போது மூன்று மாதத்தைத் தாண்டியிருப்பதே இயல்பு. சட்டம் ஒரு கையால் கொடுத்த விடுப்பைக் காலக்கெடு மறு கையால் பறித்தது. இதை எதிர்த்து 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது வியப்பன்று. கரியாஹாட்டின் சேலைக் கடையில் விற்பனையாளராக இருக்கும் பெண்ணுக்கு இந்த மூன்று மாத வரம்பு, ஐம்பதாயிரம் ரூபாய்க் கட்டணத்தைவிடப் பெரிய தடையாக இருந்தது. வேலையை விட வேண்டியிருந்தது. அல்லது புதிதாக வந்த குழந்தையை முதல் வாரத்திலேயே பிறரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் நிலை இன்னும் கடினமானது. ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு ஆண்டுக்கணக்கில் வரிசை. இதயக் கோளாறோ மூளை முடக்குவாதமோ உள்ள குழந்தைக்கு வரிசையே இல்லை. வெளிநாட்டுக்குச் செல்லும் குழந்தைகளில் கணிசமானோர் இவர்களே. உள்நாட்டுப் பெற்றோர் தயங்குவதைக் குறை கூறுவது எளிது. அறுவைச் சிகிச்சை, வாரந்தோறும் பயிற்சிச் சிகிச்சை, வேலையைக் கைவிடும் ஒரு பெற்றோர் என்ற கணக்கு அவர்கள் முன் நிற்கிறது.

இத்தகைய குடும்பத்துக்கு இருக்கும் உதவிகள், தத்தெடுப்புக்கென உருவானவை அல்ல. தத்துக் குழந்தை சட்டத்தின் பார்வையில் பெற்ற குழந்தைக்குச் சமம் என்பதால் வந்து சேர்பவை. மேற்கு வங்க அரசின் ஸ்வாஸ்த்ய சாத்தி அட்டை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும் திட்டமாகத் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு உடையோருக்கு ரூ.1 லட்சம் வரை வழங்குகிறது. பயிற்சிச் சிகிச்சைகளையும் இது ஏற்கிறது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போர், மாற்றுத்திறனாளிக் குழந்தையின் பராமரிப்புக்காக ரூ.75,000, கடுமையான குறைபாடெனில் ரூ.1,25,000 வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வரி செலுத்தும் அளவு வருமானம் இல்லாத நடைபாதை வணிகருக்கு இந்தக் கடைசிச் சலுகையால் பயன் ஏதுமில்லை.

ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி அலுவலகம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதாரில் பெற்றோர் பெயர் மாற்றம். குழந்தையை ஒப்படைக்கும் நாளில் முகமையோ மாவட்ட அலகோ இவற்றுக்கான விண்ணப்பங்களையும் சேர்த்தே நிரப்பித் தந்தால், அரசுக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவாகாது.

வளர்ப்புப் பராமரிப்பில் அரசு வேறு அணுகுமுறையைக் கடைப்பிடிக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ், குழந்தையைத் தத்தெடுக்காமல் தற்காலிகமாக வளர்க்கும் குடும்பத்துக்கு மாதம் ரூ.4,000 வழங்கப்படுகிறது. 2024-ல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டுதல்கள், தனியாக வாழ்வோரும் இவ்வாறு வளர்க்கலாம் என்றன. வளர்ப்புக் குடும்பம் அந்தக் குழந்தையைத் தத்தெடுக்க, முன்பு ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ஆறு வயதைக் கடந்து, இல்லங்களிலேயே வளரும் குழந்தைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. நடுத்தர வயதைத் தாண்டிய தம்பதிகளுக்கும் பொருந்தும். கைக்குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பால் வரிசையிலிருந்து வெளியேறுவோர் அவர்களே.

இந்த ஏற்பாட்டில் ஒரு முரண் உள்ளது. இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.4,000 பெற்று குழந்தையை வளர்த்த குடும்பம், அதைத் தன் குழந்தையாக ஏற்கும் நாளில் அந்த உதவியை இழக்கிறது. குழந்தையின் பள்ளிக் கட்டணமோ மருந்துச் செலவோ அன்றைய தினம் குறைந்துவிடுவதில்லை. வருமானம் குறைந்த குடும்பம், பாசம் இருந்தும், வளர்ப்புக் குடும்பமாகவே நீடிப்பது லாபம் என்று கணக்கிடத் தூண்டும் விதி இது. குழந்தைக்கோ, சொத்துரிமையும் நிரந்தர உறவும் தத்தெடுப்பினால் மட்டுமே கிடைக்கின்றன.

அமெரிக்கா இதே சிக்கலைச் சந்தித்து, 1980-ல் இயற்றிய சட்டத்தின் மூலம், சிறப்புத் தேவையுள்ள வளர்ப்புக் குழந்தைகளைத் தத்தெடுக்கும் குடும்பங்களுக்கு மாதாந்திர உதவி தொடர வழிசெய்தது. இந்தியாவில் அதற்குப் புதிய திட்டம் தேவைப்படாது. மிஷன் வாத்சல்யாவின் ரூ.4,000-ஐ, தத்தெடுப்புக்குப் பிந்தைய நான்கு தொடர் ஆய்வுகள் நடைபெறும் இரண்டு ஆண்டுகளுக்கேனும், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கும் ஆறு வயதைக் கடந்தவர்களுக்கும் நீட்டித்தால் போதும். ஒரு குழந்தைக்கு மொத்தம் ரூ.96,000. அந்த ஆய்வுகளுக்காக அதே குடும்பத்திடமிருந்து ரூ.8,000 வசூலிக்க விதி வகுத்த அரசு, இதுவரை அந்தத் திசையில் அறிவிப்பு எதையும் வெளியிட்டதாகத் தெரியவில்லை.